பௌர்ணமி நிலவில் எதைப் பார்ப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கி வைத்திருக்கும் யாரிடமாவது "இன்று பௌர்ணமி, நிலவைக் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். "ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. முழு நிலவன்று மட்டுமே நன்றாகத் தெரியும் விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு எந்தக் கருவியும் வேண்டாம், மொட்டை மாடி போதும்.

பௌர்ணமியன்று தொலைநோக்கியில் பார்த்தால் பள்ளங்களே தெரியவில்லையே, ஏன்?

நிழல் தெரியாததால்தான். அன்று சூரியன் நமக்குப் பின்னால் இருக்கிறது. நாம் நிலவைப் பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சமும் விழுகிறது. மலைக்கும் பள்ளத்துக்கும் நிழல் இருந்தாலும் அது நம் கண்ணில் படாதபடி அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு நேராக டார்ச் அடித்தால் சுவர் வழவழவென்று தெரியும். அதே டார்ச்சை ஓரமாகப் பிடித்தால் ஒவ்வொரு மேடும் வெடிப்பும் எழுந்து நிற்கும் அல்லவா, அதே கதைதான். வளர்பிறையில் ஏழாம், எட்டாம் நாள் நிலவைப் பார்த்தால், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய பள்ளங்கள் கண்ணைப் பறிக்கும். மேடு பள்ளம் பார்க்க அதுதான் சரியான நாள்.

அப்படியானால் பௌர்ணமி எதற்கு நல்லது?

உயரத்தை மறந்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். எந்தத் தரை கறுப்பு, எந்தத் தரை வெளுப்பு, எந்தப் பள்ளம் புதிது, எதிலிருந்து தூசி எவ்வளவு தூரம் தெறித்தது – இதெல்லாம் நிழல் விழும் நாட்களில் குழம்பிப் போகும். முழு நிலவில்தான் பளிச்சென்று தெரியும். பாறை எந்த வகை என்பதும் அதன் வயதும் நிறத்தில் எழுதியிருக்கிறது என்றே சொல்லலாம்.

வெறும் கண்ணுக்கு எவ்வளவு நுணுக்கம் தெரியும்?

நிலவின் விட்டம் 3,474 கி.மீ. சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. வானத்தில் அது அரை டிகிரி அகலம்தான். நல்ல பார்வை உள்ளவர் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பது கணக்கு. நிலவில் அது சுமார் 110 கி.மீ. ஆகவே பள்ளங்களை வட்டமாகப் பார்ப்பது கண்ணால் ஆகாது. பெரிய கறுப்புத் திட்டுகளும், சில பள்ளங்களைச் சுற்றிய வெளிச்சப் புள்ளிகளும் தெரியும்.

அந்தக் கறுப்புத் திட்டுகள் எவை? எங்கே இருக்கின்றன?

கிழக்கில் நிலா எழும் நேரத்தை வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்த்தால் அப்போது நிலவின் வடக்கு நம் இடப்பக்கம், தெற்கு வலப்பக்கம் இருக்கும். புத்தகத்தில் உள்ள படங்களில் வடக்கு மேலே இருப்பதால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். படத்தைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் சாய்வு மாறும், அது பரவாயில்லை.

உச்சிக்கு அருகே தனியாக ஒரு சின்னக் கறுப்பு முட்டை தெரிகிறதா? அது மரே கிரிசியம் (மரே என்றால் லத்தீன் மொழியில் கடல்). மற்ற திட்டுகளோடு ஒட்டாமல் இருப்பதால் முதலில் பிடிபடுவது இதுதான். அதற்குக் கீழே, நடுவுக்குச் சற்று மேலே, மரே டிராங்குவிலிடாடிஸ் எனும் அமைதிக் கடல். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இறங்கியது இங்கே. இடப்பக்கம் பெரிய வட்டமாக இருப்பது மரே இம்பிரியம், மழைக் கடல். குறுக்களவு 1,100 கி.மீ.க்கு மேல். கீழ்ப்பக்கம் முழுக்கப் பரந்து, எல்லை சரியில்லாமல் வழிந்து கிடப்பது புயல் பெருங்கடல். வலப்பக்கம் பெரும்பாலும் வெளுப்பு. அது தெற்கு மேட்டுநிலம்.

கிரிசியத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நமக்கு அது வடக்கு தெற்காக நீண்ட முட்டையாகத் தெரியும். உண்மையில் அது கிழக்கு மேற்காகத்தான் நீளம். உருண்டையின் ஓரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் நசுங்கித் தெரிகிறது.

முயல் எங்கே இருக்கிறது? பாட்டி வடை சுடுவது?

முயலுக்கு விலாசம் உண்டு. அமைதிக் கடல் தலை. அதற்கு மேலே வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு திட்டுகள், மரே பெக்குண்டிடாடிஸும் மரே நெக்டாரிஸும், காதுகள். மழைக் கடலும் புயல் பெருங்கடலும் சேர்ந்து உடல். நம் ஊரில் நிலா எழும்போது முயல் காதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். விடியற்காலையில் மேற்கே மறையும்போது பாருங்கள், அதே முயல் தலைகீழாகத் தொங்கும். இரவு முழுக்க நிலா வானத்தில் போகிற போக்கில் நம் கண்ணுக்கு அரைச் சுற்று திரும்பிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் தெற்கே இருப்பவர்களுக்கு நடு இரவில் தெரிவது, ஐரோப்பாக்காரர்கள் பார்ப்பதற்கு நேர் தலைகீழ். ஆளுக்கு ஆள் நிலவில் வேறு வேறு உருவம் கண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டியைப் பொறுத்தவரை ஒத்த கருத்து கிடையாது. வீட்டுக்கு வீடு பாட்டி உட்காரும் இடம் மாறுகிறது. உங்கள் வீட்டில் காட்டியதே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கடல்" என்கிறீர்களே, தண்ணீர் இருந்ததா?

இல்லை. அது உறைந்த எரிமலைக் குழம்பு. பெரிய விண்கற்கள் மோதிக் குடைந்த பள்ளங்களில் பின்னாளில் உள்ளிருந்து குழம்பு பொங்கி நிரம்பியது. அப்பல்லோ 11 கொண்டுவந்த பாறைகளின் வயது 360 முதல் 390 கோடி ஆண்டுகள். எல்லாக் கடலும் அவ்வளவு பழசு அல்ல: 2020 டிசம்பரில் சீனாவின் சாங்-ஈ 5 புயல் பெருங்கடலிலிருந்து எடுத்துவந்த பாறைக்கு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுதான். இந்தப் பாறையில் இரும்பு அதிகம், அதனால் கறுப்பு. மேட்டுநிலப் பாறையில் அலுமினியமும் கால்சியமும் அதிகம், அதனால் வெளுப்பு.

பெயர்கள் வைத்தவர் ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார். 1651-இல் வெளியிட்ட வரைபடத்தில். கூடவே படம் வரைந்தவர் கிரிமால்டி. இன்றும் அந்தப் பெயர்களையே வைத்திருக்கிறோம். சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸை "புயல் பெருங்கடலில் தூக்கி எறிந்தேன்" என்று கேலி பேசிய மனுஷர், அவர் பெயருக்கு ஒதுக்கியது நிலவின் மிக அழகான பள்ளங்களில் ஒன்றை! உள்ளுக்குள் என்ன நினைத்தாரோ.

நிலவின் ஒரு பக்கத்திலிருந்து வெள்ளைக் கோடுகள் கிளம்புகின்றனவே, அவை என்ன?

பௌர்ணமியின் உண்மையான விருந்து இதுதான். நிலா எழும்போது வலப்பக்கம், நடுவிலிருந்து விளிம்புக்குப் பாதிக்கு மேல் போனால் ஒரு வெள்ளைப் புள்ளி. பைனாகுலரில் தவறவே விடமுடியாது. கூர்மையான கண்ணுக்கு வெறுமனேயும் தெரியும். அது டைக்கோ. பள்ளத்தின் அகலம் 85 கி.மீ.தான். ஆனால் அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளம்பும் கதிர்க்கோடுகள் 1,500 கி.மீ. தாண்டியும் ஓடுகின்றன.

ஒரு விண்கல் மோதியபோது தரைக்கு அடியில் இருந்த வெளுத்த பாறைத்தூள் தெறித்துப் போய் விழுந்த தடம் அது. விழுந்த இடத்தில் இருந்த பழைய மண்ணையும் கிளறிவிட்டது. காற்றும் மழையும் இல்லாத இடத்தில் அந்தத் தடத்தை யாரும் கழுவவில்லை. இருந்தாலும் நிரந்தரமும் அல்ல. சூரியனிலிருந்து ஓயாமல் பாயும் துகள்களும் (சூரியக் காற்று என்பார்கள்) நுண்ணிய விண்தூசிகளும் ஓயாமல் அடித்து, புதிய தூளை மெல்ல மெல்லக் கறுக்கச் செய்கின்றன. நூறு கோடி ஆண்டு அளவில் கோடுகள் மங்கி மறைந்துவிடும். அப்படியானால் கோடு பளிச்சென்று இருந்தால் பள்ளம் புதிது என்று அர்த்தம். டைக்கோவின் வயது சுமார் 10.8 கோடி ஆண்டு. அதைக் கண்டுபிடித்த விதம் ருசியானது: டைக்கோவிலிருந்து 2,000 கி.மீ.க்கும் அப்பால் இறங்கிய அப்பல்லோ 17 குழுவினர், ஒரு மலைச்சரிவு மண்ணை அள்ளி வந்தார்கள். டைக்கோவிலிருந்து பறந்துவந்த கற்கள் விழுந்துதான் அந்தச் சரிவு ஏற்பட்டது என்று கருதி அதன் வயதைக் கணக்கிட்டார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்தில், இங்கே பூமியில் நின்று பார்க்கக் கண் இருந்த உயிர்களுக்கு அந்த மோதல் தெரிந்திருக்கும்.

இதே டைக்கோவை அரை நிலவு நாட்களில் தேடுங்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பள்ளங்கள், அவற்றில் அதுவும் ஒன்று. பௌர்ணமியன்று பக்கத்தில் உள்ள பெரிய பள்ளங்கள் எல்லாம் காணாமல் போய், இது மட்டும் ராஜாவாக உட்கார்ந்திருக்கும்.

வேறு எந்தப் பள்ளங்களைத் தேடலாம்?

கோப்பர்நிக்கஸ், 93 கி.மீ.; நிலா எழும்போது நடுவுக்குச் சற்றுக் கீழே. அதன் வயது சுமார் 80 கோடி ஆண்டு. கோடுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் டைக்கோவின் மினுக்கு இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வெளுப்பு எப்படி வயதாகிறது என்று கண்ணாலேயே புரியும். அதற்குக் கீழே கெப்ளர், சின்னது. இன்னும் கீழே இடப்பக்கமாக அரிஸ்டார்க்கஸ், 40 கி.மீ.; பெரிய பள்ளங்களில் இதைவிடப் பிரகாசமானது கிடையாது. அதன் பக்கத்தில் சர் சி.வி. ராமன் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது, பத்து கி.மீ. அளவே உள்ளதால் பைனாகுலரில் தேட வேண்டாம்.

கறுப்பிலும் இரண்டு பேர். மழைக் கடலின் வட ஓரத்தில் பிளேட்டோ, தரை முழுக்கக் குழம்பு நிரம்பிய கரிய வட்டம். எதிர்க் கோடியில், எழும் நிலவின் அடி விளிம்பை ஒட்டி கிரிமால்டி.

நிலவில் வண்ணம் உண்டா, வெறும் சாம்பல்தானா?

உண்டு, ஆனால் கூச்ச சுபாவம். அமைதிக் கடலின் பாறையில் டைட்டானியம் அதிகம் என்பதால் அது லேசான நீலச்சாம்பல். அதை ஒட்டிய மரே செரெனிடாடிஸ் லேசான பழுப்பு. பைனாகுலரில் இரண்டும் சந்திக்கும் எல்லையைப் பொறுமையாகப் பாருங்கள், சாயல் மாறுவது பிடிபடும். புகைப்படத்தில் வண்ணச் செறிவைக் கூட்டினால் இன்னும் தெளிவாக வரும். இணையத்தில் சுற்றும் நீலமும் ஆரஞ்சுமான நிலாப் படங்கள் இப்படி வந்தவைதான். எல்லாமே பொய்ப் படங்கள் அல்ல, இருப்பதை மிகைப்படுத்தியவை.

பௌர்ணமியன்று நிலா நூறு சதவீதம் முழுசாக இருக்குமா?

கிட்டத்தட்ட. நிலவின் பாதை பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா பூமியின் நிழலுக்குச் சற்று மேலேயோ கீழேயோ கடந்துபோகிறது. அதனால் வட துருவ ஓரத்திலோ தென் துருவ ஓரத்திலோ ஒரு நூலிழை நிழல் மிச்சம் இருக்கும். தொலைநோக்கி இருந்தால் அந்த ஓரத்துக்குப் போங்கள். பௌர்ணமியன்றும் மலைகள் பக்கவாட்டில் எழுந்து நிற்கும் ஒரே இடம் அதுதான். நிஜமாகவே நூறு சதவீதம் நேர் எதிரே வந்தால் அது நிழலுக்குள் போய்விடும், அதாவது சந்திர கிரகணம். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுவதும் தெரிந்தது அப்படி ஒன்று.

எந்த இரவு பார்ப்பது என்ற குழப்பத்துக்குப் பஞ்சாங்கமே போதும். பௌர்ணமி திதி முடிகிற நொடிதான் வானியலில் முழு நிலவு நொடி. திதி காலையில் முடிந்தால் முந்தைய இரவு நிலாதான் முழுமைக்குக் கிட்டே. காலண்டரில் வட்டம் போட்டிருக்கும் நாளைவிட இது நம்பகமானது.

முழு நிலா அரை நிலவைப் போல் இரண்டு மடங்குதானே வெளிச்சம் தரும்?

ஏறத்தாழ பத்து மடங்கு. அரை நிலவில் வெளிச்சமான பகுதியிலேயே நிழல்கள் நிறைய. முழு நிலவில் ஒவ்வொரு மண் துகளும் தன் நிழலைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொள்வதால் திடீரென்று பிரகாசம் எகிறும். இவ்வளவுக்கும் நிலவின் தரை தன் மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலை அளவு கறுப்புதான் அது. சுற்றி இருக்கும் வானம் அதைவிடக் கறுப்பு என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

தொலைநோக்கியில் முழு நிலவைப் பார்த்தால் கண் கெட்டுவிடுமா?

கெடாது. கூசும், அவ்வளவுதான். சூரியனைத்தான் வடிகட்டி இல்லாமல் பார்க்கவே கூடாது. கூச்சம் குறைய, இருட்டில் நிற்காமல் மாடி விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அல்லது பொழுது சாயும்போதே, வானம் இன்னும் வெளுத்திருக்கையில் பார்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்த நேரமும் அதுதான்.

எழும்போது நிலா பெரிதாக இருக்கிறதே? சூப்பர்மூன் அன்று இன்னும் பெரிதாமே?

அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது நம் மூளையின் வேலை. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள். உச்சிக்கு வந்த பிறகும் அதே நகம் மறைக்கும். கணக்குப்படி அடிவான நிலா ஒரு துளி சிறியதுகூட, ஏனென்றால் பூமியின் ஆரம் அளவுக்கு அப்போது நமக்குத் தள்ளி இருக்கிறது.

சூப்பர்மூன் என்ற சொல்லை 1979-இல் உண்டாக்கியவர் ஒரு ஜோதிடர், ரிச்சர்ட் நோல். மிக அருகில் வரும் முழு நிலா, மிகத் தொலைவில் இருக்கும் முழு நிலவைவிட 14 சதவீதம் அகலம். பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லாததால் வெறும் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிவது கஷ்டம். தொலைக்காட்சிச் செய்திக்கு ஆகும்.

எப்போதும் ஒரே முகம்தான் தெரியுமா?

ஒரே முகம், ஆனால் லேசாகத் தலையாட்டும். நிலா தன்னைத்தானே ஒரே வேகத்தில் சுற்றுகிறது, பூமியைச் சுற்றும் வேகமோ கூடிக் குறைகிறது. அச்சும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஆகவே காலப்போக்கில் நிலவின் 59 சதவீதம் நமக்குத் தெரிந்துவிடும். இதைக் கருவி இல்லாமலே சோதிக்கலாம்: கிரிசியத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள வெள்ளைப் பட்டை எவ்வளவு அகலம் என்று சில பௌர்ணமிகளில் வரைந்து வையுங்கள். ஒரு மாதம் அகலம், இன்னொரு மாதம் ஒடுக்கம். மீதி 41 சதவீதத்தை மனிதர்கள் முதன்முதலில் பார்த்தது 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 எடுத்த படங்களில். அந்தப் பக்கத்தில் கறுப்புக் கடல்கள் மிகக் குறைவு.

என்ன கருவி வாங்கலாம்?

பௌர்ணமிக்கு மட்டும் என்றால் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன் லென்ஸ்). கை நடுங்கும், மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். டைக்கோவின் கோடுகள் மொத்தமாக ஒரே பார்வையில் அடங்குவது இதில்தான். அதிகப் பெருக்கம் உள்ள தொலைநோக்கி கோடுகளைத் துண்டு துண்டாக்கிவிடும். "500 மடங்கு பெருக்கம்" என்று பெட்டியில் அச்சிட்ட விளையாட்டுத் தொலைநோக்கிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

செல்போனில் எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான் வருகிறது. என்ன செய்வது?

போன் இருட்டு வானத்தைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலவின் தரை பட்டப்பகல் வெயிலில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புரோ மோடில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 நொடி என்று தொடங்கி மாற்றிக்கொள்ளுங்கள். பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்தால் கடல்கள் எல்லாம் வந்துவிடும். சில போன்கள் தாமாகவே நுணுக்கங்களைச் சேர்த்துவிடுகின்றன. படம் அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் எடுத்தது எவ்வளவு, போன் வரைந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அமெரிக்கக் கொடியும் சந்திரயானும் தெரியுமா?

எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது. ஹபிள் தொலைநோக்கியே நிலவில் சுமார் 100 மீட்டருக்குச் சிறியதைப் பிரித்துக் காட்டாது. அப்பல்லோ விட்டுவந்த அடிப்பாகம் கால்களோடு சேர்த்தும் பத்து மீட்டர் தேறாது. நிலவையே சுற்றிவரும் அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. போன்ற விண்கலங்கள்தான் அவற்றைப் படம் எடுத்திருக்கின்றன.

இடத்தை வேண்டுமானால் சுட்டிக்காட்டலாம். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது தெற்கு அட்சம் 69 டிகிரியில்; துருவத்திலிருந்து 600 கி.மீ. சொச்சம். எழும் நிலவில் டைக்கோவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலப்பக்க விளிம்பை நோக்கி, கொஞ்சம் மேலே ஏறினாற்போல் போங்கள். விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வெளுத்துக் கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில்தான் அதன் தரையிறங்கு கலமான விக்ரம் நிற்கிறது.